கொலோன் பேராலயம்: எது பழசு, எது புதுசு?

வணக்கம் சார்,

ஜெர்மனியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர்களோடு கொலோன் போயிருந்தேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரில் அந்தப் பேராலயம். ஐரோப்பாவில் நிறைய தேவாலயங்கள் பார்த்துவிட்டேன், எதுவும் என்னை இப்படி வாயடைக்க வைத்ததில்லை. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இதை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று நான் வியந்துகொண்டிருந்தபோது கூட வந்த ஜெர்மன் நண்பர் சிரித்தார். "இதில் பாதிக்கு மேல் 19ஆம் நூற்றாண்டு. அந்தக் கோபுரங்கள் 1880-ல் முடிந்தவை, ஈஃபில் கோபுரத்தைவிட ஒன்பது வருடம்தான் மூத்தவை. இது கோத்திக் இல்லை, கோத்திக் வேஷம்" என்றார். கோத்திக் என்று அவர் சொன்னது இடைக்கால ஐரோப்பாவின் கட்டடப் பாணியை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உண்மையில் இதில் எவ்வளவு பழசு? நடுவில் முந்நூறு வருடம் ஏன் சும்மா கிடந்தது? பழைய வரைபடம் ஒன்று கிடைத்து அதன்படி கட்டினார்கள் என்கிறார்களே, அது நிஜமா? அப்படிக் கட்டியதை அசல் என்று சொல்லலாமா? நீங்கள் கட்டடங்களைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

அன்புடன்
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்ன கணக்கு சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது நீங்கள் பார்த்தது பேராலயத்தின் வடக்குப் பக்கம். உங்கள் இடது கையில் இருந்த கிழக்குப் பகுதி, அதாவது பீடமும் பாடற்குழுவின் இருக்கைகளும் அவற்றைச் சுற்றிய சிற்றாலயங்களும், அசல் இடைக்காலம்: 1248-ல் தொடங்கி 1322-ல் அர்ச்சிக்கப்பட்டது. வலது கையில் இருந்த இரட்டைக் கோபுரங்களில் தூரத்தில் இருப்பது தெற்குக் கோபுரம், அதன் அடிப்பகுதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை இடைக்காலம். வடக்குக் கோபுரத்தில் பழசு என்று சொல்ல அதிகமில்லை. கிழக்குப் பகுதிக்கும் கோபுரங்களுக்கும் நடுவில் உள்ள நீண்ட கூடத்தில் கீழ்ப்பகுதிகள் சில பழசு, மேலே எழும்பியது எல்லாம் புதுசு. அதைக் குறுக்கே வெட்டிப் போகும் குறுக்குக் கூடத்தின் முகப்புகள் இரண்டும் முழுக்க 19ஆம் நூற்றாண்டு. மேற்கு முகப்பின் வாசல்களிலும் தெற்குக் கோபுரத்தின் கீழுள்ள புனித பேதுரு வாசல் மட்டும்தான் இடைக்காலத்தது. இவ்வளவு விஷயம் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி கறுத்துப் போனதுதான். தொழிற்சாலைப் புகையும் ரயில் புகையும் பதினான்காம் நூற்றாண்டுக் கல், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல் என்று பார்த்துப் படிவதில்லை.

சரி, கதைக்கு வருவோம். இவ்வளவு பெரிய ஆலயம் அந்த ஊருக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சில எலும்புகள். 1162-ல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா மிலான் நகரத்தை அடக்கினார். அங்கே இருந்த மூன்று ராஜாக்களின் எலும்புகளை (ஆமாம், கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டகத்தோடு நிற்கிறார்களே, அவர்கள்தான்) 1164-ல் கொலோன் பேராயர் ரைனால்ட் ஃபான் டாசல் தன் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். வெர்டூன் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர் தொடங்கிவைத்த தங்கப் பேழை ஒன்று அதற்காகப் பல பத்தாண்டுகளில் உருவானது. இன்றும் பீடத்துக்குப் பின்னால் இருப்பது அதுதான். யாத்திரிகர்கள் குவிந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பழைய ஆலயம் போதவில்லை. 1248 ஏப்ரலில் அதன் கிழக்குப் பக்கத்தைத் தீ வைத்து இடிக்கப் போய், தீ பரவி மற்ற பகுதியும் எரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, மாதா விண்ணேற்புத் திருநாளில், பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

முதல் தலைமைக் கல்தச்சர் கெர்ஹார்ட். அவர் பிசாசோடு பந்தயம் கட்டித் தோற்றார் என்று ஊரில் ஒரு கதை உண்டு, அதை விடுங்கள். முக்கியமான விஷயம், அவர் பிரான்சில் அமியாங் பேராலயத்தை நன்றாகத் தெரிந்தவர். கொலோனின் கிழக்குப் பகுதியின் தரைப்படம் அமியாங்கை ஒட்டியே போகிறது. உள்ளே விதானத்தின் உயரம் 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அமியாங்கைவிட ஒரு மீட்டர் போல அதிகம். அதே காலத்தில் பிரான்சின் போவே ஊரில் 48 மீட்டர் வரை போய்ப் பார்த்தார்கள், 1284-ல் அது இடிந்து விழுந்தது. கெர்ஹார்ட் ஆசையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

அப்புறம் ஏன் நின்றது? புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் வந்ததால் நின்றது என்று ஒரே வரியில் சொல்வார்கள். அது பாதிதான். 1322-ல் கிழக்குப் பகுதி முடிந்ததும் அதன் மேற்குப் பக்கத்தை ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு உள்ளே பூசையைத் தொடங்கிவிட்டார்கள். பேழை உள்ளே வந்துவிட்டது, யாத்திரிகர்கள் வருகிறார்கள், பாட்டு நடக்கிறது. அதாவது ஆலயம் வேலை செய்கிறது. மிச்சத்தைக் கட்டி முடிக்க அவசரம் யாருக்கும் இல்லை. போதாக்குறைக்கு ஊருக்கும் பேராயருக்கும் ஆகாது. 1288-ல் வோரிங்கன் போரில் கொலோன் மக்கள் பேராயரையே எதிர்த்து நின்று ஜெயித்தார்கள், அதற்குப் பிறகு பேராயர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் இருந்தார்கள். தெற்குக் கோபுரத்தை 1360 வாக்கில் தொடங்கி மெதுவாக ஏற்றினார்கள். 1500-க்குப் பிறகு காணிக்கை வற்றியது, கோத்திக் பாணியும் பழசாகிப் போனது. 1528 வாக்கில் உளிச் சத்தம் அடங்கிவிட்டது. 1560-ல் பேராலயக் குருக்கள் சபை இனிமேல் கட்டடத்துக்குப் பணம் இல்லை என்று கைவிரித்தது. அந்தத் தற்காலிகச் சுவர் இருக்கிறதே, அதை 1863-ல்தான் எடுத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி ஐந்நூறு வருடத்துக்கு மேல்.

இன்னொரு மிச்சம் தெற்குக் கோபுரத்தின் மொட்டைத் தலையில் நின்ற மரப் பளுதூக்கி. உள்ளே ஆட்கள் நடந்து நடந்து சுழற்றும் சக்கரம் வைத்தது. வேலை நின்றபோது அதை இறக்கவில்லை, இறக்கினால் இனி கட்டப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? நடுவில் பழுது பார்த்துப் பழுது பார்த்து 1868 வரைக்கும் நின்றது. அந்தக் காலத்து ஓவியங்களிலும் முதல் புகைப்படங்களிலும் கொலோன் என்றால் அந்தப் பளுதூக்கிதான் அடையாளம். கிழக்கே ஒரு உயரமான ஆலயம், மேற்கே ஒரு மொட்டைக் கோபுரம், நடுவில் தாழ்வான தற்காலிகக் கூரை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பயணிகள் பார்த்தது இதைத்தான். 1794-ல் பிரெஞ்சுப் படை வந்தபின் கொஞ்ச காலம் அது தீவனக் கிடங்காகவும் கைதிகளை அடைக்கும் இடமாகவும்கூட இருந்தது.

இனி வரைபடம். அது நிஜம்தான். மேற்கு முகப்பை இரண்டு கோபுரங்களோடும் சேர்த்து, தோலில் மையால் வரைந்த படம், 1280 வாக்கில் போட்டது, நான்கு மீட்டர் உயரம். பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள் என்று பேராலய ஆவணங்களை ஊரைவிட்டுக் கடத்தியபோது இதுவும் போய் எங்கோ தொலைந்தது. 1814-ல் டார்ம்ஷ்டாட் ஊரில் ஒரு விடுதியின் பரணில் பாதிப் படம் கிடைத்தது. அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அவரைக்காய் உலர்த்தப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. கட்டடக் கலைஞர் கியோர்க் மோலர் அது என்ன என்று கண்டுபிடித்துச் சொன்னார். மறுபாதியை 1816-ல் பாரிஸில் தேடி எடுத்தவர் சுல்பிட்ஸ் புவாசெரே என்ற கொலோன்காரர். இந்த மனிதர் 1808-லிருந்தே பாழடைந்த பேராலயத்தை அளந்துகொண்டிருந்தவர், முடித்தால் எப்படி இருக்கும் என்று பெரிய பெரிய படங்களாக வரையச் செய்து, கோத்திக் மேல் அப்போது பெரிய பிரியம் இல்லாத கவிஞர் கோத்தே வரை போய்ப் பேசி மனசை மாற்றியவர். என் கணக்கில் பேராலயத்தைக் கட்டியவர்களில் அவரையும் சேர்க்க வேண்டும். இரண்டு பாதியும் ஒட்டப்பட்டு இன்று பேராலயத்தின் உள்ளேயே, ஒரு சிற்றாலயத்தில், திரைக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது "வேஷம்" விஷயத்துக்கு வருகிறேன்.

இடைக்காலத்துக் கல்தச்சர் ஒருவர் கையில் ஐந்நூறு வருடம் பழைய வரைபடத்தைக் கொடுத்து அப்படியே கட்டு என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அவர்கள் அப்படி வேலை செய்ததே இல்லை. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தைப் பாருங்கள்: தெற்குக் கோபுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஒரு அலங்காரமும் இல்லாத கூம்பு. வடக்குக் கோபுரத்தின் உச்சியை 1506-ல் இடி அழித்தபோது ஜெஹான் த போஸ் என்பவர் தன் காலத்துப் பாணியில் லேஸ் பின்னியது மாதிரி புதிதாக ஒன்றைக் கட்டி வைத்தார். இரண்டும் இரண்டு விதம், உயரமும் வேறு. ஒருவருக்கும் அது குறையாகப் படவில்லை. கொலோன் கோபுரங்கள் 1600-களில் முடிந்திருந்தால் உச்சியில் அந்தக் காலத்துப் பரோக் பாணிக் குமிழ்கள் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. முன்னோர் வரைந்த கோடுகளிலிருந்து மயிரிழை பிசகாமல் கட்டி முடிக்க வேண்டும் என்பது முழுக்க முழுக்க 19ஆம் நூற்றாண்டின் ஆசை. வரலாறு என்று ஒரு படிப்பு வந்தபின், பழைய கட்டடங்களை அளந்து, காலம் பிரித்து, எது எந்தப் பாணி என்று சொல்லக் கற்றுக்கொண்டபின் வந்த ஆசை. ஆக அந்தக் கோபுரங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமான கோத்திக்காக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அவ்வளவு நவீனமானவை. வேஷம் போடுகிறவன் தன் காலத்தை மறைக்கப் பார்ப்பான். இங்கே மறைக்க யாரும் முயற்சி செய்யவில்லை, 1880 என்று ஊர் கூட்டிக் கொண்டாடினார்கள்.

இதை நிரூபிக்க ஒரு இடம் காட்டுகிறேன். குறுக்குக் கூடத்தின் முகப்புகளுக்கு இடைக்கால வரைபடம் எதுவும் கிடையாது. ஆகவே 1833 முதல் கட்டட வேலைக்குப் பொறுப்பாக இருந்த எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிஷ் ஸ்வர்னர் அவற்றைத் தானே வரைந்தார். தெற்கு முகப்பைப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கோடும் கணக்கு, ஒவ்வொரு பூவும் அதன் எதிர்ப்பக்கத்துப் பூவின் பிரதி, எங்கேயும் ஒரு கல்தச்சரின் கை தடுமாறவில்லை, மனம் மாறவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு பேதுரு வாசலுக்கு வாருங்கள், வித்தியாசம் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் முதலாவதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது ஸ்வர்னரின் சொந்தக் கட்டடம்.

பணம் போட்டது யார் என்பதும் சுவாரசியம். 1815-ல் வியன்னா மாநாடு ரைன் பகுதியைப் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் கொடுத்தது. கத்தோலிக்க மக்கள், புராட்டஸ்டண்ட் ராஜா. 1837-ல் கலப்புத் திருமண விவகாரத்தில் அரசு கொலோன் பேராயரையே கைது செய்தது, ஊர் கொதித்தது. அந்தக் காயத்தை ஆற்ற பிரஷ்ய அரசர் நாலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் எடுத்த வழிகளில் ஒன்றுதான் பேராலயம். 1842 செப்டம்பர் 4 அன்று புராட்டஸ்டண்ட் அரசர் கத்தோலிக்க ஆலயத்துக்கு மறுபடி அடிக்கல் வைத்தார். அரசுப் பணம் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் அதே ஆண்டு தொடங்கிய கட்டடச் சங்கத்தின் வசூல் ஒரு பக்கம், அது போதாமல் 1860-களில் லாட்டரிச் சீட்டும் விற்றார்கள். கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன முதலில் பாரிஸில் இதற்காக அமைந்த உதவிச் சங்கத்திலேயே இருந்தவர், 1844-ல் இது முடியவே முடியாது என்று கேலி பண்ணிக் கவிதை எழுதினார். ஜெர்மானியர்கள் கோத்திக்கைத் தங்கள் தேசியப் பாணி என்று நம்பி உருகிக்கொண்டிருந்த காலம் அது. கொலோனின் மூலம் அமியாங், கோத்திக் பிறந்தது பிரான்ஸ் என்ற விஷயம் அதே 1840-களில் ஆய்வாளர்கள் வாயிலாக வெளியே வந்தது கொஞ்சம் தர்மசங்கடம்தான். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

கட்டிய விதத்தைப் பார்த்தால் உங்கள் நண்பருடைய ஈஃபில் ஒப்பீடு அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது. கூரையின் உள்சட்டம் மரம் இல்லை, இரும்பு. 1860 வாக்கில் ஏறியது, அந்தக் காலத்தில் இரும்பில் இவ்வளவு பெரிய கட்டமைப்புகள் அதிகம் கிடையாது. கூரையின் நடுவில் எழும் சிறு கோபுரமும் உள்ளே இரும்புதான். மேலே கற்களை ஏற்ற நீராவி எந்திரம் வைத்தார்கள். கீழே ரயில் நிலையம் 1859-ல் திறந்தாகிவிட்டது, ரைன் நதிமேல் வந்த ரயில் பாலம் நேராகப் பேராலயத்தின் முதுகைப் பார்த்து வரவேண்டும் என்பது அரசரின் விருப்பம். ஸ்வர்னர் 1861-ல் இறந்தபின் ரிஷார்ட் ஃபோய்க்டெல் பொறுப்பேற்று முடித்தார். 1880-ல் 157 மீட்டர் உயரத்தோடு அது உலகத்திலேயே உயரமான கட்டடம். நாலு வருடத்தில் வாஷிங்டன் நினைவுத்தூண் அதைத் தாண்டிவிட்டது.

திறப்பு விழாவே ஒரு கூத்து. 1880 அக்டோபர் 15, பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வந்தார். கொலோன் பேராயர் மெல்ஹெர்ஸ் வரவில்லை, வர முடியாது, சான்சலர் பிஸ்மார்க்கின் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த மோதலில் அவர் நாடுகடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். 632 வருடம் கழித்துப் பேராலயம் முடிகிறது, பேராயர் இல்லை. கத்தோலிக்கர்களில் பலர் விழாவிலிருந்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

போரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் அசலா நகலா என்ற உங்கள் கேள்வி அங்கே மறுபடி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் சுற்றிலும் ஊர் தரைமட்டமானது. பேராலயத்தின்மேல் பதினான்கு கனமான குண்டுகள் விழுந்தும் அது நின்றது. கூரைச் சட்டம் இரும்பாக இருந்ததால் மரக் கூரைகள் போல எரிந்து உள்ளே விழவில்லை, அதாவது உங்கள் நண்பர் குறை சொல்லும் அந்த 19ஆம் நூற்றாண்டுதான் பதினான்காம் நூற்றாண்டைக் காப்பாற்றியது. 1943 நவம்பரில் வடக்குக் கோபுரத்தின் ஒரு மூலைத் தூணில் குண்டு பெரிய பள்ளம் பறித்துவிட்டது. கோபுரமே சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள், கிட்டத்தட்ட 20,000 செங்கல். கறுத்த கல்லுக்கு நடுவே செங்கல் ஒட்டு, பல்லில் அடைத்த மாதிரி என்று ஊரில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். போர் முடிந்து ஐம்பது வருடம் அது அப்படியே இருந்தது. பிறகு வரைபடத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று 2005-க்குள் அதைக் கல்லால் போர்த்தி பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலர் போரின் நினைவாக விட்டுவைக்கலாம் என்று கேட்டார்கள். நானும் அவர்கள் கட்சி. போலி என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால் கோபுரங்களுக்கு வேண்டாம், அந்தப் போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுகூடக் கொஞ்சம் கடுமைதான்.

இதற்கு நேர் எதிராகவும் செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போருக்குப்பின் பொறுப்பிலிருந்த வில்லி வைரஸ் உடைந்த அலங்காரங்களுக்குப் பதிலாகத் தன் காலத்து உருவங்களைச் செதுக்க விட்டார், கென்னடி, குருஷேவ், தெகோல், மெக்மில்லன் என்று உலகத் தலைவர்கள் நால்வரும் ஆடுகிற சிற்பம்கூட மேலே எங்கோ இருக்கிறது. போரில் போன தெற்கு ஜன்னல் ஒன்றுக்கு 2007-ல் ஓவியர் கெர்ஹார்ட் ரிஷ்டர் 72 வண்ணங்களில் பதினோராயிரத்துக்கு மேல் கண்ணாடிச் சதுரங்களைக் கணினியின் தற்செயலுக்கு விட்டு அடுக்கினார். அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்கு அது பிடிக்கவே இல்லை, மசூதிக்குத்தான் பொருந்தும் என்றார். மதியத்துக்கு மேல் வெயில் வரும்போது போய் நின்றால் கர்தினால் சொன்னதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கட்டடப் பட்டறை இன்றைக்கும் உண்டு, கல்தச்சர், கண்ணாடிக்காரர், கொல்லர் என்று டஜன் கணக்கில் ஆட்கள் நிரந்தர வேலையில். பழுது பார்க்கச் சாரம் கட்டாத பேராலயத்தை யாரும் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை, 19ஆம் நூற்றாண்டில் போட்ட சிலவகை மணற்கல், குறிப்பாக ஷ்லைட்டோர்ஃப் கல், மோசமாக உதிர்கிறது. மாற்றியே ஆகவேண்டும். புதுசு பழசைவிடச் சீக்கிரம் கிழவனாகிவிட்டது.

மறுபடி போனால் தெற்குக் கோபுரத்தில் ஏறுங்கள். 533 படி, லிஃப்ட் கிடையாது. பாதி வழியில் மணி அறை, அங்கே 24 டன் எடையுள்ள பேதுரு மணி தொங்குகிறது. 1923-ல் வார்த்தது. அதற்கு முன்னிருந்த மணி 1870 போரில் பிடித்த பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கிச் செய்தது, அது 1918-ல் போருக்காகத் திரும்பவும் உருக்கப்பட்டுப் போயிற்று. மணி அறை வரைக்கும் நீங்கள் ஏறுவது இடைக்காலத்தின் படிகளில், அதற்கு மேல் ஃபோய்க்டெல் கட்டியது. அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தப் படியில் "வேஷம்" தொடங்குகிறது என்று அவரே காட்டட்டும்.

அன்புடன்